காற்றாடிமலைக்குக் கொண்டுபோன சீட்டு

சட்டைப்பையில் நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. பிள்ளையின் நோட்டில் கிழித்த தாள், என் கையெழுத்து: "ஆண்டவரே, சந்து வழக்கு எங்க பக்கம் தீர்ப்பாகணும்." எங்கள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற இரண்டரை அடிச் சந்துதான் விவகாரம். ஆறு வருஷமாக அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை. புனிதர் தேவசகாயத்திடம் கேட்டால் நடக்கும் என்று ஒரு அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மனைவியோடு திருநெல்வேலியில் பஸ் ஏறினேன்.

முப்பந்தல் வந்ததுமே இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழியில் இறங்கியபோது ஆனி மாசக் காற்று ஆளைத் தள்ளியது. காற்றாடிமலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? வியாகுல அன்னை ஆலயத்தில் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு மலைப்பக்கம் போனோம்.

1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றது இங்கேதான். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், குடும்பத்தில் அடிமேல் அடிபட்டு நொந்துபோயிருந்த அவரிடம் வேதாகமத்தில் வருகிற யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், பெயர் தேவசகாயம் ஆனது. நாலே வருஷத்தில் சிறை. எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். இப்படி ஏறக்குறைய மூன்று வருஷம். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூவாகத் திருமுழுக்குப் பெற்றவர்தான். வீடு, பதவி, சாதிக்காரர் மரியாதை என்று ஆசைப்பட அவருக்கு எவ்வளவோ இருந்தது. விசுவாசத்தை 'விட்டுவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவர் முழங்காலிட்ட தடம் என்று காட்டுகிற பாறையருகே மெழுகுவர்த்தி ஏற்றப் பார்த்தேன். ஏழு தீக்குச்சி போனது. மனைவி முந்தானையால் மறைத்தும் திரி பற்றுவதும் அணைவதுமாக இருந்தது.

"சீட்டுல என்னத்த எழுதிருக்கிய?" என்றாள்.

சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" அதற்கு மேல் பேசவில்லை. மணியடிச்சான் பாறையை ஒரு சின்னக் கல்லால் தட்டிப் பார்த்தாள். வெண்கல மணி மாதிரி ணங்கென்று கேட்டது.

அங்கிருந்து கோட்டாறு சவேரியார் கோயில். தேவசகாயத்தின் கல்லறை இந்தக் கோயிலுக்குள்தான். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒரு பாட்டி கல்லறையைத் தொட்டுத் தொட்டுத் தன் பேரன் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். நானும் முழங்காலிட்டேன். கை பைக்குள் போனது, சீட்டு வெளியே வரவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன் நான். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5) எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே ஆறு வருஷம் தட்டு ஏந்தியிருக்கிறேன். "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்று தினமும் வாய் சொல்லும், பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில். நான் எழுதி வந்தது என் சித்தம். அதற்கு ஆண்டவரிடம் கையெழுத்துதான் கேட்க வந்திருந்தேன். உயிர் போகும் என்று தெரிந்தும் ஒரு வார்த்தையைச் சொல்லாதவரின் கல்லறை முன்னால், ஒரு வார்த்தை சொன்னால் மானம் போய்விடும் என்று நினைக்கிற நான்.

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன். நாலாவது தடவை மணியடித்ததும் எடுத்தான்.

"என்னண்ணே?"

பேச நினைத்தது எதுவும் வரவில்லை. "கோட்டாறுல நிக்கேன். நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிட்டு வரவா?"

ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"சின்னவளுக்கு உப்பு கம்மியா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றான்.

கால் கிலோ போதும் என்றாள் மனைவி. நான் ஒரு கிலோ வாங்கினேன். வக்கீலிடம் இன்னும் பேசவில்லை. அடுத்த வாய்தாவுக்கு நாள் கிடக்கிறது.