கருவாட்டுக் குழம்பும் நத்தாரும்

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வைக்கிற குடிலுக்கு நெல் போடுவதென்றால் டிசம்பர் 15 அளவில் போட்டுவிட வேண்டும். ஓர் இரவு ஊறவைத்து, தட்டத்தில் பரப்பிய ஈர மண்ணில் நெருக்கமாகத் தூவி, நனைத்த சாக்கால் மூடி வைப்பேன். முளை தலை காட்டியதும் சாக்கை எடுத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இருட்டிலேயே விட்டால் மஞ்சளாக வெளிறிச் சாய்ந்துவிடும். சரியாகப் பார்த்தால் 24ஆம் திகதி இரவு நாலு விரல் உயரத்தில் பச்சையாக நிற்கும். அதன் நடுவில்தான் பாலனைக் கிடத்துவேன்.

முன்பு வைக்கோல்தான் வைப்போம். ஆனால் வன்னியில் டிசம்பரில் நல்ல வைக்கோல் ஏது? காலபோகப் பயிர் வயலில் பச்சையாக நிற்கும், போன போகத்து வைக்கோல் மழையில் நனைந்து மக்கிப் போயிருக்கும். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத் தொட்டியில் வைக்கோலைப் போட்டார். அந்த ஊரில் இருந்ததை அவர் வைத்தார். எங்கள் ஊரில் இருப்பதை நான் வைக்கிறேன்.

நான் இருப்பது முல்லைத்தீவுப் பக்கம், சிலாவத்தையில். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகன்கள் ரொறொன்ரோவில், மகள் சுவிஸில். அவர் இறந்த பிறகு நத்தாருக்கு வீட்டில் நான் மட்டும்தான். தங்கச்சி மன்னாருக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவாள். எனக்கு இந்த வீட்டை விட்டு இன்னொரு வீட்டில் நத்தார் கொண்டாட மனம் வரவில்லை. அதனால் எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன்.

தனி ஆளுக்கு நத்தாரன்று பெரிய கஷ்டம் காத்திருப்பதுதான். போன் எப்போது வரும், யார் முதலில் எடுப்பார்கள் என்று இருந்தால் நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடாது. ரொறொன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. நான் மத்தியானம் சாப்பிடும்போது அவர்கள் நல்ல நித்திரை. ஆகவே பின்னேரம் ஆறரைக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். அங்கே அப்போது காலை எட்டு மணி, பேரப்பிள்ளைகள் பரிசுப் பெட்டிகளைப் பிரிக்கிற நேரம். அந்தச் சத்தத்தோடு கதைப்பதில் ஒரு சந்தோசம். அதுவரை நாள் என்னுடையது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நத்தார் என்றால் கோழி, கேக், கொக்கிஸ் என்று எல்லோரும் நினைப்பார்கள். எட்டுப் பேருக்குச் சமைத்த கை, ஒரு ஆளுக்கு அதையே குறைத்துச் சமைத்தால் இல்லாத ஏழு பேரும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். நான் செய்வது பாரைக் கருவாட்டுக் குழம்பும் சிவப்பரிசிச் சோறும். எனக்கு உயிரான சாப்பாடு. பிள்ளைகள் மணம் பிடிக்காது என்று கிட்ட வரமாட்டார்கள், அதனால் எத்தனையோ வருசம் சமைக்காமலே விட்டேன். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற காலம், நல்ல மீன் கிடைப்பதும் அருமை. வெயில் காலத்தில் காயவைத்து எடுத்து வைத்த கருவாட்டுக்கு இதைவிட நல்ல நாள் வேறு இல்லை. “நத்தாரன்றைக்குக் கருவாடோ ரீச்சர்?” என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலால் கேட்டாள். ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். அடுத்த வருசம் அவளே கிண்ணத்தோடு வந்தாள்.

பலகாரத்தில் பயத்தம் பணியாரம் மட்டும் சுடுவேன். நள்ளிரவுப் பூசைக்கு என்னை ஏற்றிப் போய் இறக்கும் ஓட்டோக்காரத் தம்பிக்கும் அவர் வீட்டுக்கும் அதில் பாதி போகும்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு கொப்பியை எடுப்பேன். பழைய நத்தார் ஒவ்வொன்றிலும் எங்களோடு இருந்து சாப்பிட்டவர்களின் பெயர்களை அதில் எழுதி வருகிறேன், ஒரு நத்தாருக்கு ஒரு வருசத்தை எடுத்து. போன தடவை 2008. அப்போது போரில் இடம்பெயர்ந்து விசுவமடுவில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். தெரியாத குடும்பம் ஒன்று எங்கள் அடுப்பில் தேத்தண்ணி வைத்தது. அந்த அம்மாவின் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை, “தேத்தண்ணி அம்மா” என்று எழுதினேன். அவர்கள் எல்லோரும் அந்த நாளின் ஆட்கள், அவர்களை விட்டு எனக்கு ஒரு நத்தார் இல்லை.

இந்தக் கரையில் நத்தார் 25ஆம் திகதியோடு முடிவதில்லை. 2004இல் சுனாமியாகக் கடல் வந்தது அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க அன்று காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறார்கள். நானும் நிற்பேன். அதற்குப் பிறகு மெழுகுதிரியோடு நினைவிடத்துக்குப் போவேன். அங்கே யாரும் யாரிடமும் “தனியாவா வந்தனீங்கள்?” என்று கேட்பதில்லை.

வெளிநாட்டில் அறை எடுத்துத் தனியாக இருக்கிற பிள்ளைகள் சிலர் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு விதை நெல் கிடைக்காது, பயறு போதும். நெல்லை விட வேகமாக வளரும், ஆகவே 18ஆம் திகதி ஊறவைத்தால் சரி. மண் இல்லாவிட்டால் பஞ்சை நனைத்துப் பரப்புங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காய்ந்துவிடும். யன்னல் ஓரம் நல்லது.