ஓசை கொடுத்த நாயகி சன்னிதியில்

தங்கை மகளுக்கு வரும் ஆவணியில் மூன்று வயது முடிகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் பரிசோதித்துச் சொல்லிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கும் போகிறாள். "அதெல்லாம் நடக்கட்டும், கோலக்காவுக்கு ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடுங்க" என்று அம்மா நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்கோலக்கா கோயிலைத்தான் சொன்னார். ஒரு வியாழக்கிழமை ராத்திரி ரயில் ஏறி, வெள்ளி விடியற்காலையில் நானும் தங்கையும் குழந்தையும் சீர்காழியில் இறங்கினோம்.

முதலில் சட்டைநாதர் கோயில். கீழே பிரம்மபுரீஸ்வரர், நடுவில் தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர் என்று மூன்று நிலையாக இருக்கும். சட்டைநாதரிடம் போகும் பெண்கள் தலையில் பூ வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே வழக்கம். பூவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினோம். பிறகு பிரம்ம தீர்த்தக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தர் அழுததும், அம்பாள் ஞானப்பால் கொடுத்ததும், 'தோடுடைய செவியன்' என்று வாய் திறந்ததும் இந்தக் கரையில்தான். மூன்று வயது. தங்கை அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எதுவும் பேசவில்லை.

இந்தக் கோயிலில்தான் 2023 ஏப்ரலில் கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை அமைக்கத் தோண்டியபோது, ஐம்பொன் சிலைகளும் தேவாரம் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. அத்தனை பாட்டும் எத்தனை காலம் மண்ணுக்குள் சத்தமில்லாமல் கிடந்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அங்கிருந்து ஆட்டோவில் திருக்கோலக்கா. உள்ளூரில் தாளமுடையார் கோயில் என்று சொன்னால்தான் சட்டென்று தெரிகிறது. பால் குடித்த பிள்ளை நடந்து வந்து அடுத்துப் பாடிய தலம் இது. பிஞ்சுக் கையைத் தட்டித் தட்டிப் பாடியதைப் பார்த்து, கை சிவந்துவிடுமே என்று இரங்கி, ஐந்தெழுத்து பொறித்த பொற்றாளத்தை, அதாவது தங்கத்தில் ஒரு ஜோடி ஜால்ராவை, இறைவன் கொடுத்தார். ஆனால் தங்கத்தில் தாளம் அடித்தால் நாதம் வராது. மெத்தென்ற உலோகம் அது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம்தான் கணீரென்று பேசும். அந்தப் பேசாத தங்கத்துக்கு அம்பாள் ஓசை கொடுத்தாள். அதனால் அவள் பெயரே ஓசை கொடுத்த நாயகி. சுவாமி தாளபுரீஸ்வரர். சித்திரையில் சீர்காழியில் திருமுலைப்பால் விழா நடக்கும்போது, சம்பந்தர் இங்கே எழுந்தருளித் தாளம் வாங்கிக்கொள்வார். பேச்சு வராத பிள்ளைகளை இங்கே கூட்டிவருவதும் இதனால்தான்.

நாங்கள் போனபோது கூட்டம் இல்லை. எதிரே ஆனந்த தீர்த்தம், காற்றில்லாமல் கிடந்தது. அம்பாளுக்குத் தேன் வாங்கிக் கொடுத்து, அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்லிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். தூணோரம் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாலு முழ வேட்டி, சாயம் போன துண்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. "எந்த ஊருங்க?" என்று தங்கை கேட்டாள். தலையை மட்டும் லேசாகச் சாய்த்தார். வாழைப்பழம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் அப்புறம் கேட்டபோது, "வருவாரு, உக்காந்திருப்பாரு, சாயங்காலம் போயிடுவாரு. பேசி நான் பார்த்ததே இல்லம்மா" என்றார்.

பத்து மணி வாக்கில் வயதான ஓதுவார் ஒருவர் நாலைந்து அடியார்களோடு வந்தார். தலம் தலமாகப் போய், அந்தந்தத் தலத்துப் பதிகத்தை அங்கேயே பாடுகிறவர்கள். வழக்கமாகத் தாளம் போடுகிறவர் அன்று வரவில்லையாம். ஜமக்காளத்தில் துண்டு விரித்துத் தாளத்தை அதன்மேல் வைத்துவிட்டு, ஓதுவார் ஐயா ஆரம்பித்தார். 'மடையில் வாளை பாய' என்று சம்பந்தர் இங்கே பாடிய பதிகம். பண் தக்கராகம், இப்போது காம்போதி ராகத்தில் பாடுகிறார்கள். முதலில் தாளமில்லாமல் சுத்தாங்கமாக ஒரு தடவை பாடிவிட்டு, தாளத்தோடு பண்ணாங்கமாக எடுக்கும்போது தொடையில் தட்டத் தொடங்கினார். பாவம், வயதான கை. சத்தமே வரவில்லை.

தூணோரம் இருந்தவர் நகர்ந்து வந்தார். துண்டில் இருந்த தாளத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். ஐயா பாட்டை நிறுத்தாமலே தலையசைத்தார்.

அவர் எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, இடக்கைத் தாளத்தை மல்லாக்கப் பிடித்துக்கொண்டார். வலக்கைத் தாளத்தை அதன்மேல் முழுசாகப் போடவில்லை. முழுசாகப் போட்டால் 'டப்' என்று அடைத்துக்கொள்ளும். விளிம்பின் ஓரம் விளிம்பில் பட்டும் படாமலும் ஒரு தொடுதல். அவ்வளவுதான். மண்டபம் முழுக்க நாதம் நிறைந்து, தேயத் தேய மெலிந்து போனது. அது போய் முடிகிற இடத்தில் அடுத்த தட்டு. வரி திரும்பி வந்தபோது இடையிடையே ஊசி முனை மாதிரிச் சின்னச் சின்னத் தட்டுகளை வைத்தார். எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. 'என்கொலோ' என்று ஐயா இழுத்து நிறுத்திய இடத்தில், கட்டைவிரல் நுனியால் விளிம்பைத் தொட்டார். குரலும் ஓசையும் ஒரே நொடியில் நின்றன. ஓதுவார் ஐயா கண்ணை மூடிப் பாடுகிறவர். அப்போது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

சின்ன வயதில் மூன்று வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள் நான். தாளம் என்றால் பாட்டுக்குக் கணக்கு வைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனிதர் கையில் அது பாட்டுக்குப் பக்கத்தில் நடந்துவருகிற இன்னொரு குரலாக இருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் நினைவுதான் வந்தது. சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்தவர். சம்பந்தர் பாட்டு முதல் மூன்று திருமுறைகளாக நம்மிடம் இருக்கிறது. பாணர் மீட்டிய ஒரு நரம்பின் ஒலிகூட நம்மிடம் இல்லை. ஆனாலும் அறுபத்து மூவரில் அவரும் ஒருவர்.

அடுத்து, இதே தலத்துக்குச் சுந்தரர் பாடிய பதிகத்தில் ஒரு பாட்டைப் பாடினார்கள். நாளும் இன்னிசையால் தமிழ் பரப்பும் ஞானசம்பந்தனுக்கு உலகவர் முன் தாளம் கொடுத்ததைச் சொல்லும் பாட்டு. 'தாளம் ஈந்து' என்ற சொல் வந்தபோது அவர் தட்டவில்லை. இரண்டு தாளத்தையும் திறந்தபடி அம்பாள் சன்னிதிப் பக்கமாக நீட்டி அப்படியே வைத்திருந்தார், ஏதோ வாங்கிக்கொள்கிற மாதிரி. அடுத்த சீரில் மறுபடி சேர்ந்துகொண்டார். எனக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை.

அதுவரை நான் அம்பாளிடம் கேட்டுக்கொண்டிருந்தது 'பேச்சு கொடு தாயே' என்பதுதான். அவள் கொடுத்தது ஓசை என்று பெயரிலேயே சொல்லியிருக்கிறது. பேச்சில்லாத ஒரு மனிதரிடம் அது எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பாட்டு முடிந்ததும் ஐயா எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்ட பாடம்?" என்று கேட்டார். அவர் சிரித்தார், அவ்வளவுதான். வேறு யாரும் துருவவில்லை. அது நல்லதாகப் போயிற்று என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதற்குள் குழந்தை தங்கை மடியிலிருந்து இறங்கி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். கண் தாளத்தைவிட்டு அகலவில்லை. அவர் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, அதிர்கிற விளிம்பை அவள் பக்கம் காட்டினார். இவள் விரலை வைத்தாள். வைத்ததும் ஓசை நின்றது. திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி தட்டினார். மறுபடி விரல். மூன்றாவது தடவை அவளே சிரித்துவிட்டாள். நடை சாத்தும் வரை இந்த விளையாட்டு நடந்தது. அர்ச்சகர்கூடச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

தங்கை, வந்தது சம்பந்தர்தான் என்கிறாள். "அக்கா, நீ வேணா பாரு, அடுத்த தடவை போனா அவரு அங்க இருக்க மாட்டாரு" என்று ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்போது அவர் ஆனந்த தீர்த்தத்தின் படியில் உட்கார்ந்து, அடியார்கள் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தை கையை ஆட்டினாள். அவரும் சாப்பிடாத இடது கையைத் தூக்கி ஆட்டினார்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பயிற்சி தொடர்கிறது, பேச்சு இன்னும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையில் இரண்டு எவர்சில்வர் மூடிகளை வைத்துக்கொண்டு இவள் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, விளிம்பில் விரலை வைத்து நிறுத்தினாள். சித்திரையில் தாளம் வழங்கும் விழாவுக்கு மறுபடி போவதாக இருக்கிறோம். ஒரு ஜோடி வெண்கலத் தாளம் வாங்கி வைத்திருக்கிறேன், அம்பாள் பாதத்தில் வைத்து எடுத்து அவள் கையில் கொடுக்க.