கொடுக்கக்கூடாத வாக்கு

தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பிள்ளையிடம் நேரடியாகக் கேளுங்கள் எனப் பெற்றோரிடம் சொல்வது பள்ளி மனநல ஆலோசகரான என் வேலையின் ஒரு பகுதி. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா என்று பலரும் தயங்குவார்கள். 14 வயது மாணவன் ஒருவனின் தந்தையும் தயங்கினார். நான் 2005இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துச் சொன்னேன். நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களில் தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த 2,342 பேரில் என் மகன் இல்லையே, மேடம்" என்றார். நியாயமான பேச்சுதான், ஆனாலும் கேட்கச் சொல்லியே அனுப்பினேன். "தப்பாக எதுவும் யோசிக்கவில்லையே?" என்று 'இல்லை' என்ற பதிலை வேண்டிக் கேட்காதீர்கள், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன்.

காரில் போகும்போது கேட்டிருக்கிறார். பையன் ஜன்னல் பக்கமே பார்த்தபடி, "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றால் சொல்கிறேன்" என்றிருக்கிறான். அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் அவன் பேசியதெல்லாம், பல மாதங்களாக அடக்கி வைத்திருந்தது.

மறுநாள் காலை அவர் என் அறைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வைக்கவும் அவனைத் தனியே விடாதிருக்கவும் சொன்னேன். அப்பா ஏமாற்றிவிட்டார் என்று பையன் அவரிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அவர் கேட்டார்: "வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவன் வாய் திறந்திருப்பானா?" "திறந்திருப்பான்" என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்? வாக்கை மீறியாவது உதவி தேடி வந்த மனிதரிடம் வேறென்ன சொல்வது என்று சமாதானம் செய்துகொள்கிறேன். அந்த வாக்குதான் மகனைப் பேச வைத்தது என்று நினைத்திருந்தால் அடுத்த முறையும் அவர் அதையே கொடுத்திருப்பார். ஆனால், அது உண்மையாகவும் இருக்கலாமே!

"யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை நாம் சேர்ந்தே முடிவு செய்வோம், உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாறு இப்போது பெற்றோருக்குச் சொல்லித் தருகிறேன். உள்ளுக்குள் பதறிக்கொண்டிருக்கும் ஒரு தந்தையால் இவ்வளவையும் கோவையாகச் சொல்ல முடியுமா, அதைக் கேட்ட பிறகும் அந்தப் பையன் பேசியிருப்பானா என்பதில் எனக்கு உறுதியில்லை.