துர்க்மெனிஸ்தான் நாட்குறிப்பு: பளிங்கு நகரம் முதல் எரிகுழி வரை

அக்டோபர் 4, அஷ்காபாத்

அழைப்புக் கடிதத்தைக் காட்டி விமான நிலையத்திலேயே விசா வாங்கி வெளியே வந்தால் வழிகாட்டி தயாராக நிற்கிறார். இந்த நாட்டில் நம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. ஏஜென்சி, வழிகாட்டி, எந்த ராத்திரி எந்த ஊர் என்ற பட்டியல் எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் வேலை செய்யாது, வீட்டில் சொல்லிவிட்டு வருவது நல்லது.

ஊருக்குள் நுழைந்ததும் கண் கூசுகிறது. எங்கே திரும்பினாலும் வெள்ளைப் பளிங்கு. 2013இல் கின்னஸ் கணக்குப்படியே பளிங்கு போர்த்திய புதுக் கட்டடங்கள் 543, அதன் பிறகும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கார்களும் பெரும்பாலும் வெள்ளைதான், கறுப்பு வண்டிக்கு 2018 முதல் இங்கே இடமில்லை. ஆறு வழிச் சாலை, கண்ணாடி போட்ட ஏசி பஸ் நிறுத்தம், அதில் ஒரு ஆள் கிடையாது. முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் சாலையைப் பெருக்கும் பெண்கள் மட்டும் அங்கங்கே.

அக்டோபர் 5, அஷ்காபாத்

இன்று முழுக்கச் சிலைகள். முதல் அதிபர் நியாசோவ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் துர்க்மென்பாஷி, அதாவது துர்க்மென்களின் தலைவர். நாட்டின் நடுநிலைக் கொள்கைக்காக எழுப்பிய நடுநிலைமை வளைவின் உச்சியில் அவருடைய தங்க முலாம் சிலை. வளைவு ஊர் நடுவில் இருந்த காலத்தில் சிலை நாள் முழுக்கச் சூரியன் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். 2010இல் வளைவையே பெயர்த்து ஊர் ஓரத்தில் வைத்துவிட்டார்கள், சுழல்வதும் நின்றது. ஜனவரிக்குத் தன் பெயரையும் ஏப்ரலுக்கு அம்மா பெயரையும் வைத்த மனிதர் அவர். அதை 2008இல் மாற்றினார்கள். அடுத்து வந்த பெர்திமுகமதோவ் அடக்கமானவர் என்று நினைத்துவிட வேண்டாம், 2015இல் குதிரைமேல் அமர்ந்த தங்கச் சிலை அவருக்கும் வந்துவிட்டது. 2020இல் அலபாய் என்ற உள்ளூர் மேய்ப்பு நாய்க்கும் ஒரு தங்கச் சிலை. 2022 முதல் பெர்திமுகமதோவின் மகன் அதிபர்.

நாலைந்து சிலை பார்த்ததும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. அதிபர் மாளிகைப் பக்கம் கேமராவைத் தூக்கினாலே எங்கிருந்தோ ஒரு விசில் வருகிறது.

சாயங்காலம் ரஷ்ய பஜாருக்குப் போனோம், மனிதர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்! தலைக்குப் பூப்போட்ட துணி கட்டிய அம்மாக்கள் முலாம்பழத்தைக் கீறி நீட்டுகிறார்கள். அப்படி ஒரு இனிப்பு, விரலெல்லாம் ஒட்டுகிறது. இந்தப் பழத்துக்கென்று ஆகஸ்டில் தேசிய நாளே உண்டு, அதில் மட்டும் நியாசோவ் செய்தது சரி என்பேன். பச்சை நிற நீள அங்கியும் குல்லாயும் இரட்டைப் பின்னலுமாகப் பள்ளிப் பெண்கள் ஐஸ்கிரீம் வாங்க நின்றார்கள்.

அக்டோபர் 6, அஷ்காபாத்

நினைவு நாள், விடுமுறை. 1948இல் இதே தேதி நள்ளிரவு தாண்டி வந்த நிலநடுக்கத்தில் அஷ்காபாத் தரைமட்டமானது. சோவியத் அரசு உண்மைக் கணக்கை வெளியே விடவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் என்றும் சொல்கிறார்கள். நினைவுச் சின்னத்தில் ஒரு காளை கொம்பால் பூமியை உலுக்குகிறது, சாகும் தாய் தங்கக் குழந்தை ஒன்றை மேலே தூக்கிக் கொடுக்கிறாள். அந்தக் குழந்தை நியாசோவ். அன்று அவர் தாயையும் சகோதரர்களையும் இழந்தது நிஜம், ஆனாலும் ஒரு ஊரே செத்த இடத்தில் தங்கம் அவருக்கு மட்டும்.

மதியம் அவர் பிறந்த கிப்சாக்குக்குப் போனோம். பத்தாயிரம் பேர் தொழ 2004இல் கட்டிய மசூதி, சுவரில் குர்ஆன் வசனங்களோடு அவர் எழுதிய ருஹ்நாமா என்ற புத்தகத்தின் வரிகளும் இருக்கின்றன. உள்ளே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அக்டோபர் 8, மெர்வ்

இதற்காகத்தான் வந்தேன். பட்டுப் பாதையின் பெருநகரம், 1221இல் மங்கோலியர் அழித்தது. மெர்வில் ஒரு விசேஷம், பழைய நகரத்தின் மேலேயே புதியதைக் கட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதனால் எர்க் கலா, கியாவுர் கலா, சுல்தான் கலா என்று ஒவ்வொரு காலமும் தனித்தனி மண்மேடாகக் கிடக்கிறது. பெரிய கிஸ் கலா கோட்டையின் வெளிச்சுவர், மூங்கில்களை நெருக்கி நட்டது போல வரிவரியாக நிற்கும் சுடாத மண் சுவர். கை வைத்தால் உள்ளங்கையில் தூள். அதன் நிழலில் ஒட்டகங்கள் மேய்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டு அரசர் சுல்தான் சஞ்சாரின் கல்லறை மண்டபத்து நீலக் குவிமாடம் ஒரு நாள் நடைத் தூரத்திலிருந்தே வணிகக் கூட்டங்களுக்குத் தெரியுமாம். இப்போது நீல ஓடுகள் இல்லை, வெறும் செங்கல்தான், அதுவே எனக்குப் பிடித்தது. டிக்கெட், கூட்டம், விசில் எதுவும் தொந்தரவு செய்யவில்லை, மூன்று மணி நேரம் இஷ்டத்துக்கு நடந்தேன்.

அக்டோபர் 10, தர்வாசா

தலைநகரிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர், பாதியில் சாலை என்று சொல்லக்கூட முடியாது. காரகும் பாலைவனத்தில் சுமார் 70 மீட்டர் அகலக் குழி, பல பத்தாண்டுகளாக எரிகிறது. 1971இல் எரிவாயு தோண்டப் போய் தரை உள்வாங்கியது, வாயு தீரட்டும் என்று பற்றவைத்தார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. ஆவணம் கிடையாது, குழி அறுபதுகளில் விழுந்தது, தீ எண்பதுகளில்தான் என்பாரும் உண்டு. 2013இல் கனடாக்காரர் ஜார்ஜ் குரோனிஸ் உள்ளே இறங்கி மண் எடுத்து வந்தார், அதில் பாக்டீரியா உயிரோடு இருந்ததாம். 2019இல் பெர்திமுகமதோவ் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியபோது, அவர் இந்தக் குழிப் பக்கம் காரைச் சறுக்கிச் சுழற்றுவதை டிவியில் காட்டினார்கள்.

2022இல் அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சுற்றிலும் கிணறு போட்டு வாயுவை இழுக்கிறார்கள், தீ மூன்றில் ஒரு பங்காகிவிட்டதாக அரசே சொல்கிறது. பழைய படங்களை மனதில் வைத்து வராதீர்கள். அங்கங்கே திட்டுத்திட்டாக எரிகிறது, காற்று நம் பக்கம் திரும்பினால் மட்டும் முகம் சுடுகிறது. இருந்தாலும் ராத்திரி பதினொன்று வரை யாருக்கும் கூடாரத்துக்குப் போக மனமில்லை. குழியைப் பார்க்க நினைப்பவர்கள் தீ அணைவதற்குள் போய்விடுங்கள்.

அக்டோபர் 11, குன்யா ஊர்கெஞ்ச்

பழைய ஊர்கெஞ்ச் நகரத்தின் இடிபாடுகள். 60 மீட்டர் உயர குத்லுக் திமூர் மினார் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. தோரேபெக் கானும் என்ற அரச குலப் பெண்ணின் கல்லறையில் அண்ணாந்து பார்த்தால் குவிமாடம் முழுக்க ஓட்டு வேலைப்பாடு. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 கட்டங்கள் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள், நான் எண்ணவில்லை, கழுத்து வலித்தது. கிர்க் மொல்லா மேட்டில் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் சரிவில் உருண்டு இறங்குவார்கள். இன்று ஒரு பாட்டி மருமகளை உருளச் சொல்லிவிட்டுக் கீழே நின்று கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார், இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மதியம் உஸ்பெகிஸ்தான் எல்லை. கம்பளம் வாங்கியிருந்தால் கம்பள அருங்காட்சியகத்தின் சான்றிதழ் கேட்பார்கள், அதை அஷ்காபாத்திலேயே வாங்கிவிட வேண்டும், எல்லைக்கு வந்து தேடிப் பிரயோசனமில்லை.