குப்புறப் போட்டுத் தைக்கும் வேலை

குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. குவில்ட் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கள் வேலையைச் சந்தேகமாகப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. துண்டு துண்டாகச் சேர்த்து அழகாக முடித்த மேல்துணியைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிட்டு, வெறும் அடித்துணியைப் பார்த்துக்கொண்டு மிஷினை ஓட்டுவோம். "நல்ல பக்கமே கண்ணுக்குத் தெரியலையே, எப்படி அக்கா தைக்கிறீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான்.

இப்படித் தைக்க முக்கியமான காரணம் தடித்த நூல். பட்டு மாதிரி மினுங்கும் முறுக்கு நூல், உலோக இழை கலந்த நூல் எல்லாம் ஊசியில் கோத்தால் பாடாய்ப் படுத்தும். ஊசி நூல், இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் நுழைந்து, தூக்கும் கொக்கியில் ஏறி இறங்கி, ஊசிக் கண்ணில் திரும்பத் திரும்ப உரசிய பிறகுதான் துணியில் தையலாக உட்காருகிறது. தடித்த நூல் அந்த உரசலில் பிசிறு கிளம்பி அறுந்துவிடும். ஊசிக்குக் கீழே மிஷினுக்குள் இருக்கும் சின்னச் சுருளான பாபினின் நூலுக்கு இந்த அலைச்சல் இல்லை. பாபினை வைக்கும் கூடான கேஸில் இருக்கும் தகட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்து நேரே துணியில் படிந்துவிடும். அதனால் தடித்த நூலைப் பாபினில் சுற்றி, குவில்டைக் குப்புறப் போட்டுத் தைத்தால், கீழே இருக்கும் மேல்துணியில் அது எம்பிராய்டரி போல எழும்பி நிற்கும். ஊசியில் சாதாரண 50-ஆம் எண் நூல் போதும். எண் கூடக்கூட நூல் மெல்லிசு. பாபினில் போவது 12 அல்லது 8.

இதற்கு பாபின் கேஸின் டென்ஷனைத் தளர்த்தியாக வேண்டும். அதிலிருக்கும் திருகு எள்ளளவுதான். தரையில் விழுந்தால் தேடி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும், அதனால் எப்போதும் ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்துக்கொண்டுதான் திருகுவோம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பக் கூடாது. தடித்த நூலுக்கென்றே தனியாக ஒரு கேஸ் வாங்கி, நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுவது இன்னும் நல்லது. வழக்கமான கேஸில் கைவைத்துவிட்டு, அப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவரத் திண்டாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்தப் புள்ளியைத்தான்.

சரி, அடித்துணியில் நின்றுகொண்டு மேல்துணியில் எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? முதலில் நல்ல பக்கத்திலிருந்து, துண்டுகள் சேரும் கோட்டின் பள்ளத்திலேயே, துணியின் நிறத்தோடு கலந்துபோகும் நூலால் ஒரு ஓட்டு ஓட்டிவிடுவோம். மேலே அது கண்ணில் படாது. திருப்பிப் போட்டால் அடித்துணியில் கட்டங்கள் எல்லாம் கோடு கோடாகத் தெரியும். நமக்கு அதுதான் வரைபடம். மூன்று அடுக்கும் அதிலேயே ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால், மேல்பக்கம் குத்திய ஊக்குகளையும் கழற்றிவிடலாம். கழற்றாமல் திருப்பினால் அவை மிஷின் பலகையைக் கீறும், துணி நகராமல் முரண்டு பிடிக்கும்.

பலர் மறந்துவிடுவது மேல்துணியின் வெளி விளிம்பை. அடித்துணியும் பஞ்சும் நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் மேல்துணி எங்கே முடிகிறது என்றே தெரியாது. பூ வேலைப்பாடு பாதி பஞ்சில் போய் உட்கார்ந்துவிடும், இல்லாவிட்டால் தளர்ந்து கிடக்கும் விளிம்பு உள்ளே மடிந்து தைபட்டுவிடும். ஆகவே விளிம்பைச் சுற்றியும் முன்கூட்டியே ஒரு தையல் போட்டுக்கொள்வோம்.

அதற்குப் பிறகு கண்ணை நம்பி வேலை நடக்காது. இடது கையை அவ்வப்போது குவில்டுக்கு அடியில் விட்டு, மேல்துணி சுருங்காமல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். நாலு தையல் ஓரங்கள் கூடும் முடிச்சு மாதிரியான தடிப்பு எங்கே வருகிறது என்பதும் விரலுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் ஊசி வளைந்து தையல் விடும்.

வளைவுகளில் இன்னொரு தொல்லை. கை வேகமாகவும் மிஷின் மெதுவாகவும் போனால், கீழ்ப்பக்கம் கண் இமை மாதிரிச் சின்னச் சின்ன வளையங்கள் இழுபடும். வழக்கமாகத் தைக்கும்போது அவை அடித்துணியோடு போகும், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். குப்புறத் தைக்கும்போது கீழ்ப்பக்கம்தான் நல்ல பக்கம். அதனால் அதே துணி, அதே பஞ்சு, அதே நூலில் ஒரு சின்னத் துண்டைத் தைத்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வேலையில் கைவைப்போம். எழுத்து வந்தால் இன்னும் கவனம்: அடித்துணியில் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாற்றி வரைந்தால்தான் மேலே நேராக வரும்.

அடித்துணியில் அச்சிட்டிருக்கும் பூவையும் கொடியையும் பார்த்து அப்படியே ஊசியை ஓட்டுவது இன்னொரு வகை. சாக்கால் வரைய வேண்டாம், கோடு அழியுமா என்ற கவலையும் இல்லை, புதிதாகக் கற்பவர்களுக்குக் கையும் நன்றாகப் பழகும். ஆனால் இதை எல்லா இடத்திலும் செய்யச் சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். மேல்துணியில் நட்சத்திரமோ வீடோ தனித்தனியாக நிற்கும்போது, அடியிலிருக்கும் பெரிய இலையின் விளிம்பு அதன் நடுவே குறுக்கே ஓடினால் பார்க்கச் சகிக்காது. சின்னச் சின்ன துண்டுகளால் நிறைந்த, பல நிறம் கலந்த மேல்துணி என்றால் பரவாயில்லை, எந்தக் கோடு வந்தாலும் அதற்குள் கரைந்துவிடும்.

நேரத்தை விழுங்குவது நூல் முனைகள். தடித்த நூல் பாபினில் குறைவாகத்தான் கொள்ளும். அது தீர்ந்ததும் மிஷின் நிற்காது, நாமும் மேலிருந்து ஒன்றும் தெரியாமல் வெறுமனே ஊசியால் குத்திக்கொண்டே போவோம். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கு முன்பும் பாபினைத் திறந்து பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். தொடக்கத்திலும் முடிவிலும் தடித்த முனையை அடித்துணிப் பக்கம் இழுத்துவிட்டால் அங்கே மொத்தமாகத் துருத்தும். கீழேயே ஒரு சாண் தொங்கவிட்டு, அதன் மேல் தையல் ஏறாமல் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு குவில்டைத் திருப்பி, பெரிய கண் உள்ள கையூசியில் ஒவ்வொரு முனையாகக் கோத்து, பஞ்சுக்குள் செருகி மறைக்க வேண்டும். மிஷினில் ஒரு நாளில் முடிகிற குவில்டுக்கு இந்த வேலை மட்டும் இன்னும் ஒரு நாள் பிடிக்கும்.

வாங்க வருபவர்கள் எழும்பி நிற்கும் அந்தக் கோட்டை விரலால் தடவிவிட்டு "கையால் தைத்ததா?" என்று கேட்பார்கள். மிஷின்தான் என்று சொன்னால் சிலருக்கு முகம் லேசாக வாடிவிடும். அவர்களிடம் குவில்டைத் திருப்பிக் காட்டி, எந்தப் பக்கத்திலிருந்து தைத்தோம் என்று சொல்வேன். வேலைக்கு நாள் குறித்துக் கொடுக்கும்போது, முனை செருகும் அந்த நாளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.