இறுகப் பற்றினால் உள்ளே போகாது

கொழுப்புப் பொருள்களைக் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையில் சுழலவிட்டு வற்றச் செய்தால், கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று படியும். மருந்துக் கரைசலை வெதுவெதுப்பாக அதில் ஊற்றிக் குலுக்கினால் பால்போல் கலங்கும். 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வின் வழியே அதைப் பலமுறை அழுத்தித் தள்ளியபின் கலங்கல் குறைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் லேசான நீலம் தெரியும். மருந்தை உள்ளே அடைத்த நுண்ணிய கொழுப்புக் குமிழிகளான லிப்போசோம்கள் அவை; அவற்றின் வழியே மருந்தை மூளைக்குள் கொண்டுசேர்ப்பதே எங்கள் நோக்கம். ஆய்வில் சேர்ந்த புதிதில் அந்த நீலத்தைக் கண்டதும், பாதி வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மூளையைப் பொறுத்தவரை அப்போது வேலை தொடங்கியிருக்கவே இல்லை. 1885-இல் பால் எர்லிக் விலங்கின் இரத்தத்தில் செலுத்திய சாயம் மற்ற உறுப்புகளில் ஏறியபோது மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளைத் திசு அச்சாயத்தை ஏற்பதில்லை என்று அவர் கருதினார். 1913-இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் செலுத்தியபோது மூளை நிறம் ஏறியது. ஆகவே தடை திசுவில் இல்லை, இரத்தத்துக்கும் திசுவுக்கும் நடுவில் இருக்கிறது. மூளையின் நுண்குழாய்ச் சுவரிலுள்ள செல்கள் இடைவெளியின்றித் தைத்ததுபோல் இணைந்திருப்பதே அதற்கு முக்கியக் காரணம். பார்க்கின்சன் நோயாளிக்கு, மூளையில் குறையும் டோபமைனைக் கொடுக்காமல், மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபாவைக் கொடுப்பதும் இதனால்தான்: டோபமைன் அச்சுவரைக் கடக்காது, லெவோடோபாவையோ அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் புரதம் சேர்த்து ஏற்றிக்கொள்கிறது. (புரதம் மிகுந்த உணவோடு சாப்பிட்டால் சிலருக்கு அம்மாத்திரை சரியாக வேலை செய்யாததற்குக் காரணம், அந்த ஒரே வண்டிக்கு நடக்கும் போட்டி.)

லிப்போசோம் போன்ற நானோ துகளுக்கும் இப்படியொரு வண்டி வேண்டும். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் அந்த நுண்குழாய்ச் செல்களின் மேற்பரப்பில் நிறைய உண்டு என்பதால், துகளின் மேல் டிரான்ஸ்ஃபெரினைப் பதித்தால் ஏற்பி அதைப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்து மறுபுறம் விடும் என்பது கணக்கு. கூடுதலாகப் பதித்தால் கூடுதலாகப் போகும் என்றே நானும் நம்பினேன். எங்கள் எலிகளின் மூளைச் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, துகள்களில் சேர்த்திருந்த ஒளிரும் சாயம் முழுவதும் நுண்குழாய்களின் கோட்டிலேயே நின்றிருந்தது, திசுவில் ஒரு புள்ளிகூட இல்லை.

இது புதிய செய்தியன்று என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை மிக வலுவாகப் பற்றும் எதிர்ப்பொருளைவிட (குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பற்றும் புரதம்) சற்றுத் தளர்வாகப் பற்றுவதே மூளைக்குள் அதிகம் செல்கிறது என்று ஜெனென்டெக் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2011-இலேயே காட்டியிருந்தார்கள். 2013-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் தங்க நானோ துகள்களை வைத்துச் செய்த எலிச் சோதனையிலும் அதே விடைதான்: டிரான்ஸ்ஃபெரின் அதிகம் பதித்தவை சுவரிலேயே ஒட்டிக்கொண்டன, அளவாகப் பதித்தவை கடந்தன. உள்ளே போகும்வரை பிடித்திருக்க வேண்டும், போனபின் விட்டுவிட வேண்டும். துகளைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் நுண்பைகளின் அமிலத்தன்மை கூடும்போது அறுந்துபோகும் இணைப்பால் டிரான்ஸ்ஃபெரினைக் கட்டும் வழியை அதே கால்டெக் குழு 2015-இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இருந்தாலும் எலியில் கடந்ததெல்லாம் மனிதரிடம் கடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இதே ஏற்பியை நம்பி ஜப்பானில் 2021-இல் ஹண்டர் நோய்க்கு (ஒரு நொதி குறைவதால் வரும் அரிய பரம்பரை நோய்) அனுமதி பெற்ற பாபினாஃபஸ்ப் ஆல்ஃபா என்ற மருந்து நானோ துகளே அன்று. எதிர்ப்பொருளோடு நொதியை நேராகப் பிணைத்த புரதம். துகளோ கல்லீரலையும் மண்ணீரலையும் தாண்டித்தான் மூளைச் சுவருக்கே வர வேண்டியிருக்கிறது.

இப்போது டிரான்ஸ்ஃபெரினை முன்பு சேர்த்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அடுத்த தொகுதியைத் தயாரித்திருக்கிறேன். குடுவையில் பார்ப்பதற்கு இதுவும் அதே நீலமாகத்தான் இருக்கிறது.