பாலத்தில் மிச்சமான பத்து நிமிடம்

ஜூலை 14, 2025
பாம்பன் பழைய ரயில் பாலத்தில் கடைசி ஆண்டுகளில் வேகம் மணிக்கு 10 கி.மீ. ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 75 வரை போகலாம். கப்பலுக்குத் தூக்கும் பகுதியில் மட்டும் 50. இரண்டு கி.மீ. கடக்க முன்பு 12 நிமிடம், இப்போது இரண்டே சொச்சம். மிச்சமான பத்து நிமிடத்தை இராமேசுவரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற நிற்பே விழுங்கிவிடும்.

ஜூலை 16
ஊருக்குள் 6 கி.மீ. போக, 20 கி.மீ. வேகத்தில் 18 நிமிடம். 25 ஆக்கினால் பதினாலரை. லாபம் மூன்றரை நிமிடம். அரை மணிக்கு ஒரு பஸ்ஸைக் கால் மணிக்கு ஒன்றாக்கினால் சராசரிக் காத்திருப்பு 15-லிருந்து ஏழரையாகிறது. ஆனால் அதற்கு வண்டியும் டிரைவரும் இரட்டிப்பு வேண்டும். வேகத்துக்கு மதிப்பு இங்கேதான்: போய்வர 60 நிமிடம் எடுக்கும் தடத்தை 50-ல் முடித்தால், அதே இரண்டு வண்டி 25 நிமிடத்துக்கு ஒன்றாக வரும்.

ஜூலை 19
அந்தப் பத்து நிமிடத்தை ஆக்சிலேட்டரில் தேடக் கூடாது, படிக்கட்டில் தேட வேண்டும். 12 பேர் ஒரே படியில் ஏறினால், ஆளுக்கு 3 வினாடி வீதம் 36 வினாடி. இரு படிகளிலும் பிரிந்து ஏறினால் 18. முன்படியில் மீன் கூடை ஒன்று குறுக்கே நின்றால் இந்தக் கணக்கெல்லாம் காலி. கூட்ட நேரத்தில் இன்னொன்று: கட்டணம் மாறும் ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடியாவிட்டால் கண்டக்டர் விசிலடித்து வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். கிளம்பும் முன்பே, நிற்கிற வண்டியில் பாதி டிக்கெட்டைப் போட்டுவிட்டால் இது வராது.

ஜூலை 24, ஆடி அமாவாசை
அக்னி தீர்த்தக் கூட்டம். தாமதமான வண்டிக்கு ஆள் சேரும். ஏற்ற இறக்கத்தில் இன்னும் தாமதமாகும். பின்னால் வருவது காலியாக வந்து ஒட்டிக்கொள்ளும். மணிக்கு இரண்டு பஸ், இடைவெளி 30-30 என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். அதே இரண்டும் 5-55 என்று வந்தால் 25-ஐத் தாண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் வந்து சேர்வது அந்த 55-க்குள்தான். பின்வண்டியை டைம் கீப்பர் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்து நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள்தான்.

ஜூலை 26
இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் இரண்டு நிமிடம்தான் நஷ்டம். இரண்டு நிமிடம் முந்திக் கிளம்பினால், சரியான நேரத்துக்கு வந்தவருக்கு அரை மணி போச்சு. நிழற்குடையில் புறப்படும் நேரம் எழுதியிருந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். தகரப் பலகை வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறி எண் தெரியாது. சிமெண்டுச் சுவரிலேயே பெயின்டால் எழுதலாம்.